கடிக்காத விரதம்

பற்களை வரிசைப்படுத்தக் கட்டியிருந்த கம்பியைக் கழற்றி ஓராண்டு ஆகிறது. அது என் வாயில் இருந்த காலத்தில் நான் சொன்ன ஒரு பொய்யையும், அந்தப் பொய்யை நம்பிய ஒருத்தியையும் பற்றி எழுதவேண்டும் என்று பலமுறை அமர்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதல் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். பிறர் நூல்களில் பிழை திருத்திக் கொடுப்பது என் தொழில். ஆகவே இந்தத் தாமதத்தைத் தொழிற்பழக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளியே துருத்தி நின்றவை. சிறுவயதிலிருந்தே பேசும்போது வலக்கை தானாக வாயருகே போய்விடும். முந்தானை நுனியோ கைக்குட்டையோ, ஏதும் இல்லையெனில் நான்கு விரல்களோ உதட்டுக்கு முன் வந்து நிற்கும். பள்ளியில் இருபத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்தபோதும் புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தே கற்பித்தேன். மாணவியர் எனக்குக் கிட்டப்பார்வை என்று எண்ணிக்கொண்டனர், நானும் மறுக்கவில்லை.

ஐம்பத்து மூன்றாம் வயதில், வேலையிலிருந்து விடுபட்டு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தத் தொடங்கிய பிறகு, ஈறுகளில் குருதி கசியலாயிற்று. பெங்களூர் மல்லேசுவரத்தில் நான் பார்த்த பல் மருத்துவர் என் முன்னாள் மாணவியர் வயதுடைய பெண். பற்கள் நெருங்கிக் கிடப்பதால் இடையில் தூரிகை புகுவதில்லை, வரிசைப்படுத்தினால்தான் ஈறு நலம்பெறும் என்றார். நான் சற்றுத் தயங்கிக் காட்டிவிட்டு இசைந்தேன். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் மனம் துள்ளியது. ஈறு ஒரு சாக்கு. வாயைத் திறந்து சிரிக்கவேண்டும் என்ற ஆசையே உண்மைக் காரணம். அந்த ஆசையை எவரும் அறிந்துவிடக் கூடாது என்பதும் அந்தக் கணத்திலேயே முடிவாகிவிட்டது.

அந்த அச்சத்துக்கு ஒரு வேர் உண்டு. பள்ளியில் என்னோடு பணியாற்றிய கணக்காசிரியை ஒருவர் நாற்பது வயதில் கம்பி கட்டிக்கொண்டு வந்தார். ஆசிரியர் அறையில் எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, “இந்த வயசுல யாருக்குக் காட்டவாம்?” என்று கேட்டவள் நான். அவர் காதில் விழும்படியாகவே கேட்டேன். அறை சிரித்தது. அவரும் சிரித்தார், உதடு பிரியாமல். அன்றிலிருந்து கோடை விடுமுறை வரை அவர் தம் உணவைத் தனியே வகுப்பறையில் அமர்ந்து உண்டார். என் முறை வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மூடிய உதடுதான்.

கம்பி கட்டிய நாளில் மருத்துவர் ஓர் அச்சிட்ட தாளைக் கொடுத்து, அதைச் சுருக்கியும் சொன்னார்.

“மேடம், ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. எதையும் கடிக்காதீங்க. நறுக்குங்க, வேக வைங்க, பொடி பண்ணுங்க, கடவாய்ப் பல்லால மெதுவா மெல்லுங்க. கடிக்கிறது மட்டும் வேண்டாம். சீசன்ல வர்ற கரும்பு, கடலை, சோளம், இதுலதான் எல்லாரும் உடைச்சுக்கிட்டு வர்றாங்க.”

மேல்வரிசைக்குப் பல்லின் நிறத்திலேயே சிறு வில்லைகளும், கீழ்வரிசைக்கு உலோக வில்லைகளும் ஒட்டி, அவற்றினூடே கம்பியைச் செலுத்தியிருந்தார். உதட்டைச் சற்று இழுத்து மூடிக்கொண்டால் வெளியே தெரியாது. தெருவுக்குப் போனால் முகக்கவசம் இருந்தது. தூசு ஒவ்வாமை என்று சொல்லிக்கொள்ளலாம். வாயைக் கையால் மறைக்கும் என் பழக்கம் அறுபது குடும்பங்கள் வாழும் ஸ்ரீராம்புரத்து எங்கள் சந்தில் எல்லோரும் அறிந்தது. ஆகவே புதிதாக ஒன்றை மறைக்கிறேன் என்று எவருக்கும் ஐயம் எழவில்லை.

நான் குடியிருந்தது மாடி வீடு. கீழ்வீட்டில் இருந்தவள் என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். சந்து முழுவதுக்கும் இரவிக்கை தைப்பவள். கணவர் பீன்யாவில் ஓர் ஆலையில் வேலை செய்தார், விடியுமுன் போய்விடுவார். ஒரே மகளை ஈஜிபுராவில் கட்டிக் கொடுத்திருந்தாள். வாசலை ஒட்டிய சன்னலடியில் தையல் இயந்திரம். நான் படியிறங்கும்போதெல்லாம் அவள் தைத்த துணியை முகத்தருகே தூக்கி, முனை நூலைப் பல்லால் ‘டுக்’ என்று கடித்து அறுப்பதைக் காண்பேன். கத்தரிக்கோல் எட்டும் தொலைவில் இருந்தாலும் அவளுக்குப் பல்தான் கத்தரிக்கோல். என்னை ‘அக்கா’ என்று அழைப்பாள். எந்த மாதத்தில் எது மலிவாக வந்தாலும் அதில் எனக்கொரு பங்கு மேலே ஏறி வரும்.

கம்பி கட்டிய நான்காம் நாள் ஆடிச் சாரல். மாலையில் அவள் இரண்டு சுட்ட சோளக்கதிர்களைத் தோகையோடு ஏந்திக்கொண்டு படியேறி வந்தாள்.

“அக்கா, சூடு ஆறறதுக்குள்ள துன்னுடுங்க. உங்களுக்கு எலுமிச்சம்பழம் தூக்கலா தேய்க்கச் சொன்னேன்.”

“வேண்டாம்மா.”

“இன்னா வேண்டாம்? போன வருஷம் ரெண்டு துன்னுட்டு என்னுதையே பாத்துக்கினு இருந்தீங்க.”

“இப்போ எதையும் கடிச்சுச் சாப்பிடறதில்ல.”

“ஏன், பல்லு வலியா?”

ஆம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பல் என்ற சொல்லைச் சொல்லும்போதே அவள் பார்வை என் வாய்க்கு வந்துவிட்டது. கணக்காசிரியையின் முகம் ஒரு கணம் தோன்றி மறைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “வேண்டுதல்” என்றேன்.

“யாருக்கு?”

“தம்பிக்கு.”

மைசூரில் இருக்கும் என் தம்பிக்கு முந்தைய ஆண்டு இதயத்தில் அடைப்பு நீக்கியிருந்தார்கள். அவளுக்கு அது தெரியும். நீட்டிய கதிரைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“தெரியாம நீட்டிட்டேன் அக்கா. தப்பா நெனச்சுக்காதீங்க.”

தன் கதிரையும் என் எதிரில் உண்ணவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு கீழே போனாள். சுட்ட சோளத்தின் மணம் மட்டும் என் அறையில் நெடுநேரம் இருந்தது.

ஆவணியில் தம்பி ஒரு வேலையாகப் பெங்களூர் வந்து என்னோடு இரண்டு நாள் தங்கினான். கையில் பெட்டியோடு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியவனைக் கீழ்வீட்டு வாசலில் நின்று அவள் பார்த்தாள். அவன் ஊர் திரும்பியபின் மேலே வந்து, “போன வருஷம் மூச்சு வாங்கிக்கினு ஏறினாரு. இப்போ பாத்தீங்களா? வேண்டுதல் வீண் போகாது அக்கா” என்றாள். நான் உதடு பிரியாமல் புன்னகை செய்தேன். அதை அவள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கவேண்டும்.

புரட்டாசியில் அவள் மறுபடி மேலே வந்தாள். கையில் எதுவும் கொண்டுவரவில்லை. அதுவே எனக்கு வியப்பாயிருந்தது. மகள் கருவுற்றிருக்கிறாள் என்றாள். அதற்கு முன் இருமுறை கரு தங்காமல் போயிருந்தது. இரண்டாம் முறை அந்தப் பெண் ஒரு மாதம் தாய்வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை நானும் கண்டிருக்கிறேன்.

“இந்தத் தடவ நிக்கணும் அக்கா. புள்ள கையில வர்ற வரைக்கும் நானும் இருக்கேன். அந்த விரதம் எப்படி இருக்கறதுன்னு சொல்லுங்க.”

“உனக்கெதுக்கும்மா அது? நாள் பூரா மிஷின்ல உக்கார்ற. நல்லாச் சாப்பிடணும்.”

“நீங்க தம்பிக்கு இருக்கலாம், நான் பெத்த பொண்ணுக்கு இருக்கக் கூடாதா?”

அந்தக் கேள்விக்கு விடை உண்மை ஒன்றுதான். அது என் வாய்க்குள்தான், சொல்லப்போனால் பற்களின் மேலேயே இருந்தது. நான் விரதத்தின் விதிகளைச் சொல்லத் தொடங்கினேன். விதிகளுக்கு என்னிடம் பஞ்சமில்லை; மருத்துவர் கொடுத்த தாள் மனப்பாடமாக இருந்தது.

“முறுக்கு?”

“கூடாது.”

“நமுத்துப்போன முறுக்கு?”

அதைப் பற்றித் தாளில் ஏதும் இல்லை. “நமுத்ததுன்னா பரவாயில்ல” என்றேன்.

“கரும்பு?”

“சாறு குடிக்கலாம்.”

“சீபேக்காய்?” என்றாள். எங்கள் பகுதியில் கொய்யாவைக் கன்னடப் பேரிட்டு அப்படித்தான் சொல்வார்கள்.

“நல்லாப் பழுத்தது, விதைய எடுத்துட்டு.”

“விதை இன்னா பண்ணுது?”

விதை கம்பியில் சிக்கும். “விதை ஆகாது” என்று மட்டும் சொன்னேன். அவள் தலையசைத்தாள். தெய்வத்துக்கு ஆகாதது பலவும் காரணமில்லாமல் ஆகாததுதானே.

“நகம் கடிக்கலாமா?”

“கூடாது.” அது தாளிலேயே இருந்தது.

கொஞ்சம் யோசித்து, “நூலு?” என்றாள்.

நூலைப் பற்றித் தாள் எதுவும் சொல்லவில்லை. விட்டிருக்கலாம். ஆனால் ஒரு விதியை வகுத்தால் அதில் ஓட்டை இருக்கக் கூடாது என்று எண்ணுகிற மனம் என்னுடையது. கடிப்பது கூடாதெனில் நூலைக் கடிப்பதும் கூடாது. இல்லையேல் விதி தன்னோடு தானே முரண்படும். பிழை திருத்துகிறவளின் அந்தத் திருத்தத்தை, என் மானத்தைக் காத்துக்கொள்ள நான் கட்டிய பொய்க்கும் செய்து வைத்தேன். “நூலும் கூடாதுதான்” என்றேன்.

மறுநாள் கத்தரிக்கோல் ஒன்று சிவப்பு நாடாவில் அவள் கழுத்திலிருந்து தொங்கியது.

அந்த ஆண்டின் பனிக்காலத்தை நினைக்கும்போது நான் நன்றாக உண்டேன் என்பதே முதலில் தோன்றுகிறது. கார்த்திகையில் பசவனகுடிக் கடலைக்காய்ச் சந்தைக்கு அவள் வழக்கம்போல் போய் ஒரு பை நிறைய வாங்கிவந்தாள். மற்ற ஆண்டுகளில் மணலில் வறுத்து, மடியில் கட்டிக்கொண்டு, தைத்துக்கொண்டே கொறிப்பாள். அந்த ஆண்டு அத்தனையையும் உப்பிட்டு வேகவைத்தாள். “இன்னும் ஒரு விசில் விட்டேன் அக்கா. நாக்கால நசுக்கினாலே போதும், கடிக்கற வேலையே இல்ல” என்று எனக்கொரு கிண்ணம் தந்தாள். மார்கழியில் அவரைக்காய் வந்தது. உரித்த கொட்டையை இரவு ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாக இரு விரலால் பிதுக்கித் தோலைக் கழித்து, மெத்தென்ற பருப்பை மட்டும் குழம்பாக்கினாள். பிதுக்கம்பருப்புக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். அவள் இரண்டு வீட்டுக்குப் பிதுக்கினாள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிய கையால் சட்டியை நீட்டி, “விரதக்காரங்க ரெண்டு பேரு இருக்கோமே” என்றாள்.

தை மாதச் சங்கராந்தியில் எங்கள் சந்திலும் கன்னடக் குடும்பங்களின் வழக்கப்படி எள், வெல்லம், கொப்பரை, கடலை, பொட்டுக்கடலை கலந்து வீடுதோறும் மாற்றிக்கொள்வது உண்டு. எங்கிருந்து வந்தாலும் எனக்கு வரும் பங்கை அவளே வாசலில் மறித்து வாங்கி, உரலில் இட்டுப் பொடித்து மேலே அனுப்பினாள். அந்தப் பொடி அமுதமாக இருந்தது. எள் மட்டும் வில்லைகளின் இடுக்கில் புகுந்துகொண்டது; கண்ணாடி முன் அரைமணி நேரம் நின்று மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக வெளியேற்றினேன். அன்று மாலை ஆசை அடங்காமல், பொடிக்குத் தப்பிக் கிடந்த ஒரு கொப்பரைத் துண்டை முன்பல்லால் கடித்தேன். வில்லை ஒன்று பெயர்ந்து நாவில் விழுந்தது. மறுநாள் மல்லேசுவரம் போய் ஒட்டிக்கொண்டு வந்தேன். என் விரதம் முறிந்தால் ஒட்டிவிடலாம். அதற்குப் பசை இருந்தது. படியேறும்போது சன்னலில் அவள் நாடாவிலிருந்த கத்தரிக்கோலால் நூல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

மாசியில் மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. அரக்கு நிறப் பட்டில் அவளே இரவிக்கை தைத்தாள். விழா நன்றாக நடந்தது. முகக்கவசம் அணிந்து நானும் ஈஜிபுராவுக்குப் போய் இரண்டு வளையல்கள் பூட்டிவிட்டு, உணவுக்கு நிற்காமல் திரும்பினேன்.

மறுநாள் முற்பகல் அவள் மாடிக்கு வந்தாள். ஏறி வந்த விதத்திலேயே ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தது. ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பற்றி நின்று வந்தாள். விடியற்காலையில் மகளுக்கு உதிரம் கண்டு ஆசுபத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு மூன்று நாள் பார்த்துத்தான் எதையும் சொல்லமுடியும் என்று மருத்துவர்கள் கூறியிருக்கிறார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு என் வாசற்படியிலேயே அமர்ந்தாள்.

“நான்தான் அக்கா பண்ணேன்.”

“நீ என்ன பண்ணே?”

“அந்த ஜாக்கெட்டு. முந்தாநேத்து கடசீ கொக்கி வெச்சிட்டு, நேரமாயிடுச்சுன்னு அவசரத்துல கடிச்சிட்டேன். கத்திரி கழுத்துல தொங்குது. தொங்கும்போதே கடிச்சிட்டேன். அவ ஜாக்கெட்டையே.”

அவள் அழவில்லை. கீழுதட்டைப் பற்களுக்கிடையே வைக்கப் போய், நினைவு வந்து விட்டுவிட்டாள். அதைக் கண்டதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? உதட்டைத் தூக்கிக் காட்டினால் போதும். நான் செய்தது வேறு. விரதத்தை அறிந்தவளுக்குரிய குரலில், “தெரியாம நடந்ததுக்குப் பரிகாரம் இருக்கு” என்றேன்.

“இருக்கா?”

“மூணு நாள் உப்பில்லாமச் சாப்பிடு. சரியாயிடும்.”

அவள் எழுந்து என் காலைத் தொட வந்தாள். நான் பின்வாங்கினேன், அந்த அளவு வெட்கம் மட்டும் மிச்சமிருந்தது. அவள் இறங்கிப்போன பின் கதவைச் சாத்திக்கொண்டு, திருத்தவேண்டிய தாள்களின் முன் அமர்ந்தேன். ஒரு பக்கம்கூட நகரவில்லை. ஒரு பெண் தன் பிள்ளையின் குருதிக்குத் தன்னையே காரணமாக்கிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு ஆறுதல் சொல்வதாக எண்ணி, ஆம் நீதான் காரணம் என்பதை நான் உறுதிசெய்து அனுப்பியிருக்கிறேன். பிழையில்லாத இடத்தில் பரிகாரம் ஏது?

மறுநாள் நண்பகலில் அவள் ஆசுபத்திரியிலிருந்து குளிப்பதற்காக வீட்டுக்கு வந்திருந்தாள். கீழே இறங்கினேன். கூடத்தில் தையல் இயந்திரத்தின் மேலேயே ஒரு தட்டில் சோறும் பருப்பும் இருந்தன. பருப்பில் உப்பில்லை என்பது பார்க்கத் தெரியாது. ஆனால் அவள் விழுங்கும் விதத்தில் தெரிந்தது.

“பொண்ணு எப்படியிருக்கா?”

“அப்படியேதான். நேத்தவிட கொஞ்சம் தேவலாம்னு நர்சு சொல்லிச்சு.” தட்டைப் பார்த்தாள். “இன்னும் ஒரு நாளு இருக்குது.”

“உப்பு போட்டுக்க.”

“ஏன்?”

முகக்கவசத்தைக் கழற்றினேன். கை வாயை நோக்கிப் போவதை மற்றொரு கையால் பற்றி நிறுத்தவேண்டியிருந்தது. சன்னல் வெளிச்சத்துக்கு நேரே நின்று, ஊசியில் நூல் கோப்பதற்காக அவள் நாடும் அதே வெளிச்சத்தில், வாயைத் திறந்தேன்.

அவள் எழுந்து அருகில் வந்து பார்த்தாள். ஒரு துணியின் தையலைச் சோதிப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“இன்னாது இது, கிளிப்பா?”

“ஆமாம்.”

“எப்போ போட்டது?”

“ஆடியில.”

“நான் சோளம் கொண்டாந்தனே?”

“அதுக்கு நாலு நாள் முன்னாடி.”

இயந்திரத்தின் சக்கரத்தில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“அப்போ தம்பிக்கு?”

“தம்பிக்கு நான் எதுவும் வேண்டிக்கல. டாக்டர் பாத்துச் சரியாச்சு. கிளிப்பு போட்டது தெரியக் கூடாதுன்னு அப்படிச் சொல்லிட்டேன். உனக்குச் சொன்ன விதி எல்லாம் பல் டாக்டர் குடுத்த காகிதத்துல இருக்கறது.”

“நூலு?”

“அது அதுலகூட இல்ல. நானாச் சொன்னது.”

“உப்பு?”

“அதுவும்.”

தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

“கிளிப்புன்னு சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? சோளத்த உதுத்துக் குடுத்திருப்பேன். அவ்ளோதானே.”

கையிலிருந்த முகக்கவசத்தை மடித்தேன்.

“அவ அங்க படுத்துக்கினு இருக்கா. நான் அவ மொகத்தப் பாக்கல அக்கா, ரெண்டு நாளா. நூலு நூலுன்னு அதையே நெனச்சுக்கினு, அவ கண்ணப் பாக்கவே பயந்துக்கினு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன்.” பிறகு குரல் தாழ்ந்தது. “நூல கடிச்சதால ஒண்ணும் ஆவல?”

“ஒண்ணும் ஆகல.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“உங்க சத்தியத்த வெச்சுக்கினு நான் இன்னா பண்றது” என்றாள். சூடில்லாமல், தனக்குள் பேசுவதுபோல் சொன்னாள். உள்ளே போய் உப்புச் சாடியை எடுத்துவந்து, ஒரு சிட்டிகை பருப்பில் போட்டுப் பிசைந்து, நின்றபடியே மிச்சத்தை உண்டு முடித்தாள். கைகழுவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, “கதவ சாத்திக்கினு போங்க, டீச்சர்” என்றாள்.

பதினெட்டு ஆண்டுகளில் அவள் என்னை அப்படி அழைத்தது அதுவே முதல்முறை. மாடியேறும்போது நெஞ்சு இலேசாக இருந்தது. அந்த இலேசுக்காகவும் பிறகு வெட்கப்பட்டேன். சுமையை நான் இறக்கியது அவள் நலனுக்காகவா என் நலனுக்காகவா என்று இன்னும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

உதிரம் நின்றது. ஐந்தாம் நாள் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினார்கள். தாய் அவளைக் கீழ்வீட்டுக்கே அழைத்துவந்து கட்டிலில் கிடத்தினாள். அவள் மகளின் தலையை மடியில் வைத்து எண்ணெய் தேய்ப்பதைப் படியிறங்கும்போது கண்டிருக்கிறேன். கழுத்தில் கத்தரிக்கோல் அப்படியே தொங்கியது. ஒருநாள் துணிந்து, இனி அது எதற்கு என்று கேட்டேன். “உங்களுது பொய்யி. நான் சாமிகிட்ட சொன்னது பொய்யா?” என்று மட்டும் சொல்லி இயந்திரத்தை மிதித்தாள். அதன்பின் பருவத்தில் எது வந்தாலும் மாடிக்கு ஏறி வரவில்லை. நானே சோறு குழைய வடித்துக்கொண்டு, பழத்தைத் துருவிக்கொண்டு உண்டேன். தாளின்படி உண்பதில் ஒரு குறையும் இல்லை. பிதுக்கம்பருப்புக்கு மட்டும் என் விரல்களுக்குப் பொறுமை போதவில்லை. அடுத்த மார்கழியில் ஒருமுறை முயன்று பாதியில் விட்டேன்.

பங்குனி முடியும் தறுவாயில் நாள் குறைந்து, ஆனால் நலமாக, பெண்குழந்தை பிறந்தது. சித்திரையில் பெயர் வைக்கும் நாளுக்கு என்னையும் அழைத்தார்கள். வந்து அழைத்தது அவள் கணவர், அவரை அனுப்பியது அவள் என்று வைத்துக்கொண்டேன்.

கூடம் நிறையப் பெண்கள். வெயிலுக்குக் கிளிமூக்கு மாங்காயைக் கீற்றுகளாக்கி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிச் சுற்றி வந்தார்கள். தட்டு என்னிடம் வந்தபோது நான் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனேன். சமையற்கட்டு வாசலிலிருந்து அவள் குரல் கேட்டது.

“ஏய், டீச்சருக்கு அப்படியே குடுக்காத. அவங்க கிளிப்பு போட்டிருக்காங்க. சின்னச் சின்னதா நறுக்கிக் குடு, கடவாயில வெச்சு மென்னுப்பாங்க.”

எந்த ஒரு சொல் வெளிவரக் கூடாதென்று ஒன்பது மாதம் பொய்யின்மேல் பொய்யாக அடுக்கினேனோ, அது மாங்காயோடு மாங்காயாக அந்தக் கூடத்தில் வந்து விழுந்தது. பெரும்பாலோர் திரும்பக்கூட இல்லை. சுவரோரம் அமர்ந்திருந்த ஒருத்தி மட்டும் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம், எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்: “இந்த வயசுல யாருக்குக் காட்டவாம்?”

“கண்ணாடிக்கு” என்றாள் சமையற்கட்டிலிருந்து வந்த கீழ்வீட்டுக்காரி, நறுக்கிய தட்டை என் மடியில் வைத்தபடி. “உனக்கு இன்னா போச்சு? உன் மாங்காய நீ துன்னு.”

சிலர் சிரித்தார்கள். அந்தக் கணக்காசிரியைக்கு எங்கள் ஆசிரியர் அறையில் இப்படிச் சொல்ல ஓர் ஆள் இருக்கவில்லை.

பிறகு குழந்தையின் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். முடிச்சிட்டபின் நுனி நீண்டிருந்தது. யாரோ கத்தரிக்கோல் கேட்டார்கள். அவள் கழுத்தில் அன்று நாடா இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவள் குனிந்து, குழந்தையின் வயிற்றருகே முகத்தைக் கொண்டுபோய், நுனியைப் பல்லால் ‘டுக்’ என்று அறுத்தாள்; நிமிரும்போது ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் ஒரு சிறு துண்டு மாங்காயைக் கடவாயில் வைத்து மென்றுகொண்டிருந்தேன். கை பழக்கப்படி வாயருகே போயிருந்தது.